இறங்காத சத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி இருக்கும். ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் மகன் கலிபோர்னியாவிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அவனுக்கு அப்போது சனிக்கிழமை சாயங்காலம். திரையில் முகத்தைக் காணோம். மணல் அப்பிய ஒரு இன்ஜினும் கிரீஸ் ஏறிய இரண்டு விரலும்தான் தெரிந்தன. “சித்தப்பா, ஒண்ணும் பேசாதீங்க. இதை மட்டும் கேளுங்க” என்றான். கிக்கரை மிதித்தான். மூன்றாவது மிதியில் பிடித்தது. ஆக்சிலேட்டரைக் கட்டைவிரலால் அமுக்கினான். அந்த வண்டிக்கு அப்படித்தான், திருகல் கிடையாது. சத்தம் கிடுகிடுவென்று ஏறியது. விரலை எடுத்தான். சத்தம் இறங்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம் உச்சியிலேயே நின்றுவிட்டு, அப்புறம்தான் மனசில்லாமல் கீழே வந்தது.

“டேய், ஆஃப் பண்ணு. திரும்ப ஸ்டார்ட் பண்ணாதே.”

“ஏன் சித்தப்பா? பவர் பிச்சுக்கிட்டுப் போகுது. இந்த வாரம் ஓடின மாதிரி இது என்னிக்குமே ஓடினதில்லை.”

“அதனாலதான் சொல்றேன்.”

காபியைக் கலந்துகொண்டு வந்து உட்கார்ந்த பிறகும் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே சத்தத்தை மயிலாப்பூரில் என் காலுக்கு நடுவிலேயே கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, வண்டி நன்றாகப் பறக்கிறது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அவனிடம் இருப்பது யமஹா பான்ஷீ. நாலு குண்டுச் சக்கரம், ஒரு ஹேண்டில்பார், நடுவே குதிரைமேல் உட்காருகிற மாதிரி ஒரு சீட்டு. அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்றார்கள். கிளாமிஸ் மணல்மேடுகளில் ஏறி இறங்குவதற்கு இதைவிட வெறிபிடித்த வண்டி கிடையாது என்பது இவனுடைய கட்சி. வாங்கிய புதிதில் அதன் ஜாதகத்தைப் படித்துக் காட்டினான். டூ ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர், 347 சிசி, போர் 64 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 54 மில்லிமீட்டர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1983-இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி இங்கே கொண்டுவந்த ராஜ்தூத் 350-க்கும் அதே 64, அதே 54. அது காற்றில் ஆறும், இது தண்ணீரில் ஆறும். மற்றபடி ஒரே குடும்பம். “உன் வண்டியோட பெரியப்பா லஸ் கார்னர்ல ஓடியிருக்காருடா” என்றேன். நம்பவில்லை. நம்மூரில் இந்த நாலு சக்கர வண்டியில் ஈ.சி.ஆர். பக்கம் காசு கொடுத்து மணலில் இரண்டு சுற்று வருவதோடு சரி. ரோட்டில் ஓட்டப் பதிவு செய்கிற வண்டி இல்லை அது. அதனால் இவன் சந்தேகம் கேட்டால் நான் என் யமஹா ஆர்எக்ஸை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். உள்ளே இருக்கிற பேய் ஒன்றுதான்.

ஆர்எக்ஸ் 100 வந்தது 1985 கடைசியில். நான் வாங்கியது 1991-இல், செகண்ட் ஹேண்டில். 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லாத எண்கள். ஆனால் சிக்னலில் பச்சை விழுந்து அது கிளம்பியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜ்தூத் 350 எங்கள் தெருவில் ஒருவரிடம்தான் இருந்தது. அது குடித்த பெட்ரோலுக்கு அவர் ஒருவர்தான் தாங்குவார். எங்களுக்கெல்லாம் வாய்த்தது ஆர்எக்ஸ்.

அப்போது சித்திரகுளத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம். வண்டிக்கு வைத்தியம் மந்தைவெளியில், மெக்கானிக் பாயிடம். போர்டு கிடையாது. வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, முன்னால் நாலைந்து யமஹா, இரண்டு சுசுகி. உள்ளே சுவரில் அரபு எழுத்துப் படம் ஒன்று. அதன் கீழே பிஸ்டன் ஒன்று தலைகீழாக. பின் போகிற துளையில் ஊதுபத்தி சொருகியிருப்பார். அது யாரோ ஒரு பையன் சூட்டில் சிலிண்டரோடு பிடிக்கவிட்ட பிஸ்டன். பிடித்துப்போன பிஸ்டன்களைப் பாய் தூக்கிப் போடுவதில்லை. கம்பியில் கோத்து உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார், திருஷ்டிப் பூசணி மாதிரி. வண்டியை விடவருகிறவன் முதலில் அண்ணாந்து அதைப் பார்த்தாக வேண்டும்.

நானும் பார்த்தேன். பார்த்தும் என்ன, இருபத்தொரு வயசு. புதுப்பேட்டையில் தகரத்தை வெட்டி உருட்டி வெல்டு வைத்து ஒரு எக்ஸ்பான்ஷன் சேம்பர் செய்து கொடுத்தார்கள். அதைச் சைலன்சராக மாட்டிக்கொண்டேன். ஏர் ஃபில்டர் பெட்டி மூச்சைப் பிடிக்கிறது என்று எவனோ சொன்னான். கழற்றிப் பரணில் போட்டேன். ஆயில் பம்ப் என்றைக்காவது நின்றுபோய் இன்ஜினைக் கவிழ்க்கும் என்று இன்னொருவன் சொன்னான். அதையும் எடுத்துவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் மாற்றியவன் மெயின் ஜெட்டை மாற்றவில்லை. கார்புரேட்டருக்குள்ளே பெட்ரோலை அளந்துவிடுகிற, வேர்க்கடலை அளவு பித்தளைத் துண்டு அது. விலை ஒரு சினிமா டிக்கெட்டுக்குள் வந்திருக்கும்.

காற்று கூடிவிட்டது, பெட்ரோல் அதே அளவுதான். அப்படி ஆனால் முதல் இரண்டு வாரம் வண்டி தேவலோகத்தில் ஓடும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் இறங்காது. நான் அதை வண்டியின் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன்.

எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்றதும் ஜெர்மனி ஞாபகம் வருகிறது. பின்னால் எப்போதோ படித்தது. அந்தக் குழாய் முதலில் அகன்று, வயிறு வைத்து, பிறகு குறுகும். சிலிண்டரிலிருந்து புகை ஒரு அலையாக வெளியே பாயும்போது, எரியாத புதுக் கலவையும் அதன் பின்னாலேயே ஓடிவிடும். குறுகுகிற முனையில் அந்த அலை மோதித் திரும்பி வந்து, ஓடின கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ளே தள்ளும். சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவு சாத்திக்கொள்ளும். அறுபத்துமூவர் அன்றைக்கு மாட வீதியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்க வேண்டாம். சந்துக்குள் பிதுங்கின கூட்டம் முட்டுச்சுவரில் மோதித் திரும்பி நம்மை மறுபடி வீதிக்குள் தள்ளுமே, அதுதான். இதை ரேஸ் வண்டியில் சாஸ்திரமாகவே ஆக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இஸட். தொழிற்சாலையில் இருந்த வால்டர் காடன். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961 செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்தோடு மேற்கே தப்பிவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் ஒரு காரின் டிக்கியில் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். அவர் போய்ச் சேர்ந்த இடம் சுசுகி. மறுவருஷமே 50 சிசியில் உலகப் பட்டம். ஜப்பான்காரர்கள் அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. அதே சுசுகியோடு சேர்ந்து டி.வி.எஸ்.காரர்கள் 1984-இல் ஓசூரில் 100 சிசி வண்டி செய்தார்கள். கார் டிக்கியில் கிளம்பிய சங்கதி கடைசியில் கச்சேரி ரோட்டில் பால் வாங்கப் போனது.

திரு.வி.க. பாலத்தில் ஒரு சாயங்காலம். பெசன்ட் நகரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். தியசாபிகல் சொசைட்டி மரங்களைத் தாண்டிப் பாலத்தில் ஏறி, நாலாவது கியரில் முழுசாகத் திருகி, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினேன். சத்தம் இறங்கவில்லை. ஒன்று, இரண்டு... பிறகு ஒரு “க்ரீச்”. பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. இடது கையில் நாலு விரலும் தானாகவே கிளட்ச்சைப் பிடித்தன. அதனால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். வண்டி சத்தமில்லாமல் உருண்டு ஓரமாக நின்றது. கீழே அடையாற்று முகத்துவாரத்தில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. கையெல்லாம் நடுக்கம். கிக்கர் கீழே போகவே இல்லை.

மந்தைவெளி வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். பாய் கடையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. சைலன்சரைப் பார்த்தார், ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஜெட் மாத்துனியா தம்பி?”

“இல்ல பாய்.”

“சத்தம் இறங்காம நின்னிருக்குமே?”

“ஆமா பாய். நல்லா ஓடுதுன்னு நினைச்சேன்.”

“ஏறுற சத்தத்தை எல்லாரும்தான் கேப்பான். இறங்குறதக் கேக்கணும் தம்பி.”

மறுநாள் ஹெட்டைக் கழற்றி சிலிண்டரை உருவினார். பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் பூனை பிறாண்டின மாதிரி கோடுகள். ரிங் ஒன்று அலுமினியத்துக்குள் புதைந்திருந்தது. கலவையில் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் லைனர் இரும்பு. சூட்டில் அலுமினியம்தான் முந்திப் பெருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற முடிப்பருமன் இடைவெளி காணாமல் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆயில் பம்பை வேறு எடுத்திருந்தேனா, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியதும் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுபோனது. இரண்டு முட்டாள்தனமும் ஒரே இறக்கத்தில் சந்தித்துக்கொண்டன.

லேத்தில் 0.25 ஓவர்சைஸ் போர் போட்டு, புதுப் பிஸ்டன், அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க, மாட்டிக் கொடுத்தார். முதல் 500 கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது என்பது உத்தரவு. எல்.பி. ரோட்டில் சன்னியில் போன பெண்கள் என்னை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். பிஸ்டன் பிடித்ததைவிட அந்த 500 கிலோமீட்டர்தான் வலித்தது. என் பழைய பிஸ்டன் கொட்டகை உத்தரத்தில் ஏறியது.

அதற்கப்புறம் நான் ஞாயிற்றுக்கிழமைக்காரன் ஆனேன். காலையில் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது. “உங்க வூட்டுக் காபி இன்னா கலர்ல இருக்கும்? அந்தக் கலர்” என்பது பாய் சொன்ன இலக்கணம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்து ஈரமாக இருந்தால் அதிகம். ஃபில்டர் ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, ஆயில் தடவி, பிழியாமல் உள்ளங்கையில் வைத்து அமுக்கி மாட்டுவது. ரீட் வால்வைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பது. இதழ்களின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று அர்த்தம். மாதம் ஒருமுறை சைலன்சரின் உள்குழாயை உருவிக் கரி எடுப்பது. காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்ட வாளியை அம்மா அப்புறம் எதற்கும் தொடமாட்டாள். மயிலாப்பூரில் கடல்காற்று வேறு. ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் சைலன்சர் அடியில் ஓட்டை விழும்.

ஆயில் என்றதும் விளக்கெண்ணெய். பள்ளிக்கூட லீவு விட்டதும் பாட்டி எங்கள் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியது. அதைத்தான் ரேஸ் இன்ஜினுக்கும் ஊற்றுவார்கள் என்று பாய் சொன்னபோது நான் நம்பவில்லை. நிஜம்தான். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கு எண்ணெயின் இங்கிலீஷ் பெயரிலிருந்து வந்தது. எவ்வளவு சூட்டிலும் உலோகத்தைவிட்டு விலகாத எண்ணெய். பதிலுக்குக் கோந்து மாதிரி படிந்துவிடும், அடிக்கடி இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்தாக வேண்டும். பாய் சின்ன வயசில் சோழவரத்தில் ரேஸ் வண்டிகளுக்கு எடுபிடியாகப் போனவர். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்கு ஊரே திரண்டு போகும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்த பிறகு சோழவரம் பழங்கதை ஆயிற்று. அந்த எரிந்த விளக்கெண்ணெய் வாசனையைப் பற்றிப் பாய் பேசினால் அத்தர்க்கடைக்காரர் பேசுகிற மாதிரி இருக்கும்.

அவ்வளவு ரேஸ் பார்த்தவர், எங்களுக்குப் போர்ட்டிங் செய்து தரமாட்டார். சிலிண்டர் சுவரில் இருக்கிற எக்ஸாஸ்ட் துளையை அரத்தால் ஒரு மில்லிமீட்டர் மேலே ஏற்றினால் வண்டியின் குணமே மாறிவிடும். மேலே போகப் போக வெறி பிடிக்கும், கீழ் வேகத்தில் செத்த பாம்பு. தி.நகரிலிருந்து ஜவுளிக்கடைக்கார வீட்டுப் பையன் ஒருவன் பணத்தோடு வந்து நின்றான். பாய் கேட்டார்: “நீ தினம் எங்க ஓட்டுவே?” “உஸ்மான் ரோடு, பனகல் பார்க்.” “அங்க எந்த கியர்ல போவே?” “ரெண்டு.” “அப்பறம் எதுக்கு ரேஸ் போர்ட்டு? அரத்துல தேச்சது திரும்ப வளராது தம்பி.” பையன் வேறு இடத்தில் செய்துகொண்டான். தீபாவளிக் கூட்டத்தில் சிவா விஷ்ணு கோயில் பக்கம் பிளக் நனைந்து நின்றுபோன வண்டியை அவன் தள்ளிக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

என் அபிப்பிராயமும் அதுதான். நாங்கள் அன்றைக்கு மாடிஃபிகேஷன் என்று செய்ததில் முக்கால்வாசி வண்டியைக் கெடுத்தோம். மணல்மேட்டில் ஓட்டுகிற அண்ணன் மகன் போர்ட் ஏற்றினால் நியாயம் இருக்கிறது. சுற்றி மனிதர்கள் இல்லை, இரண்டாவது கியரில் ஊர்கிற வேலையும் இல்லை. இங்கே சைலன்சரைக் குடைந்துகொண்டு ராத்திரி ராதாகிருஷ்ணன் சாலையில் கத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது என்று சொன்னால், ‘பெருசு’ என்கிறார்கள். பெருசுதான். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். டூ ஸ்ட்ரோக் போனது சரிதான். கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே வெளியே போகிற இன்ஜின் அது. சாயங்காலம் லஸ்ஸில் நின்றால் கண் எரியும். நாங்கள் அதை வாசனை என்றோம். தெருமுனையில் ஆஸ்துமாக்காரர் இருந்தார், அவர் அப்படிச் சொன்னதில்லை.

பாய் போய்ப் பல வருஷம் ஆகிறது. கொட்டகை இருந்த இடத்தில் அடுக்குமாடி. நான் கோட்டூர்புரத்துக்குக் குடிவந்தேன், ஆர்எக்ஸும் கூடவே. 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு வீட்டுக்குள் வந்தது. நாலாம் நாள் திரும்பிப் போனபோது வண்டி சீட்டுவரை சேற்றுக்கோடு போட்டுக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாக ஓடிவந்து கிக்கரில் காலை வைத்தார். “தொடாதீங்க!” என்று நான் கத்தியது மூன்றாவது மாடிவரை கேட்டிருக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது மிதித்தால், அது அமுங்காது; கனெக்டிங் ராடுதான் வளையும். அதோடு டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைக்குத் தனி ஆயில் கிடையாது. பெட்ரோலோடு வருகிற ஆயில்தான் பேரிங்கை நனைக்கவேண்டும். தண்ணீர் தேங்கினால் நாலே நாளில் துரு. பிளக்கைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வடித்து, மண்ணெண்ணெய் ஊற்றி அலசி, டூ-டி ஆயில் ஊற்றிக் கையால் மெதுவாகச் சுற்றினேன். ஓடியது. மூன்றாவது வாரம் அடியில் “டக டக” என்று ஒரு சத்தம். பேரிங்கில் துரு ஏற்கெனவே பல் பதித்திருந்தது. கிராங்க்கைப் பிரித்து, புது ராடு கிட் போட்டு, ராயப்பேட்டை லேத்தில் அமுக்கி நேராக்கி வாங்கிவந்தேன்.

இன்னும் ஓடுகிறது. இப்போது பெட்ரோலிலேயே 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டரில் கலவை மறுபடி பெட்ரோல் போதாத பக்கம் சாய்கிறது. பழைய ரப்பர் குழாய்கள் ஊதிப்போகின்றன. மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிவிட்டு, பிளக்கில் காபி நிறம் வந்ததா என்று பார்த்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனிடம் கேட்டேன். “ஜெட் மாத்தினியா?” மாற்றியிருக்கிறான், கணக்குப் போட்டு, பெரியதே போட்டிருக்கிறான். எங்களைவிட அறிவாளித் தலைமுறை. அப்படியானால் காற்று வேறு எங்கிருந்தோ உள்ளே வருகிறது. இந்த வண்டிகளில் கிராங்க்குக்கு இரண்டு பக்கமும் ஆயில் சீல் உண்டு. வலது பக்கம், கிளட்ச் பக்கத்து சீல் போனால் இன்ஜின் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை விடும், கண்ணில் தெரிந்துவிடும். இடது பக்கம், மேக்னெட் பக்கத்து சீல் போனால் காற்றைக் குடிக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் இறங்காது. எக்ஸாஸ்ட் வாய்களையும் கார்புரேட்டர் மாட்டுகிற வாய்களையும் அடைத்துவிட்டு உள்ளே 6 பவுண்டு காற்று ஏற்றி, ஆறு நிமிஷம் முள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொன்னேன். இறங்கினால் மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டியது.

புதன்கிழமை வீடியோ வந்தது. மேக்னெட்டைக் கழற்றியிருந்தான். இடது பக்கம் கிராங்க் ஓரத்தில் சோப்பு நுரை, பால் பொங்குகிற மாதிரி, குட்டிக் குட்டிக் குமிழியாக வந்துகொண்டிருந்தது. கூடவே பிஸ்டன்களின் படம்: இடது பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டே இரண்டு மெல்லிய கீறல்கள். இன்னும் ஒரு மணல்மேடு ஏறியிருந்தால் போயிருக்கும்.

“சீல் பத்து டாலர்தான் சித்தப்பா” என்றான். கேஸைப் பிரிக்கத்தான் போகிறான் என்பதால் வலது பக்க சீலையும் சேர்த்தே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.